ஆளுக்கு ஒன்று, கடைக்கு ஒன்று, சரக்குக்கு ஒன்று: நீலகிரியில் கண் பரிசோதனை நிலையம் தொடங்கத் தேவையான பதிவுகள்

குன்னூர் பெட்ஃபோர்டிலோ ஊட்டி சேரிங் கிராஸிலோ ஒரு கடையைப் பிடித்து, ஷோகேஸில் ஃபிரேம்களை அடுக்கி, உள்ளறையில் பவர் அளக்கும் ஓர் ஆட்டோ ரெஃப்ராக்டர் வைத்தால் வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். நகராட்சி லைசென்ஸைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியும் இருப்பார்கள். அந்தக் காகிதம் கடை திறக்க அனுமதி தருகிறது, அவ்வளவுதான். உள்ளே உட்கார்ந்து பவர் பார்க்கிறவருக்கு அது எந்த உரிமையும் தராது. அலமாரியில் இருக்கும் காண்டாக்ட் லென்ஸை விற்கவும் அது போதாது.

ஆளுக்கான பதிவு வேறு, இடத்துக்கான அனுமதி வேறு, பொருளுக்கான பதிவு வேறு. மூன்றுக்கும் அலுவலகங்களும் தனித்தனி. ஒன்று இருந்தால் மற்றது வந்துவிட்டதாக எண்ணுவதிலிருந்துதான் பெரும்பாலான சிக்கல் தொடங்குகிறது.

ஆளுக்கான பதிவு

பல் மருத்துவருக்கும் செவிலியருக்கும் நெடுங்காலமாகக் கவுன்சில் உண்டு. கண்ணைச் சோதித்துப் பவர் எழுதும் ஆப்டோமெட்ரிஸ்டுக்கு அப்படி ஒன்று இல்லாமலே பல பத்தாண்டுகள் ஓடின. 2021இல் வந்த தேசிய இணை மற்றும் சுகாதாரத் தொழில்முறையினர் ஆணையச் சட்டம்தான் அதை மாற்றியது. அந்தச் சட்டத்தின் அட்டவணையில் கண் அறிவியல் பிரிவின் கீழ் ஆப்டோமெட்ரிஸ்ட், ஆப்தால்மிக் அசிஸ்டென்ட், விஷன் டெக்னீஷியன் ஆகிய பெயர்கள் இருக்கின்றன. சட்டம் வந்தும் மாநிலங்கள் கவுன்சில் அமைக்கத் தாமதித்ததால் 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் கெடு விதித்து உத்தரவிட வேண்டியதாயிற்று.

சட்டம் இரண்டு தட்டாகப் பிரிக்கிறது. இரண்டு முதல் நான்கு ஆண்டுகளில் குறைந்தது 2,000 மணி நேரம் படித்த டிப்ளமோ அல்லது பட்டம் என்றால் இணை சுகாதாரத் தொழில்முறையாளர். மூன்று முதல் ஆறு ஆண்டுகளில் குறைந்தது 3,600 மணி நேரம் படித்த பட்டம் என்றால் சுகாதாரத் தொழில்முறையாளர். ஆப்டோமெட்ரி பட்டமான பி.ஆப்டம் முடித்தவர் இரண்டாவது தட்டில் வருவார். இரண்டாண்டு டிப்ளமோவை வைத்துக்கொண்டு பட்டதாரிக்கான பிரிவில் விண்ணப்பித்தால் அது திரும்பி வரும். மணிக்கணக்கைப் பார்க்காமல் படிப்பின் பெயரை மட்டும் பார்த்து விண்ணப்பிப்பவர்களுக்குத்தான் இது அதிகம் நடக்கிறது.

விண்ணப்பம் மாநிலக் கவுன்சிலுக்குப் போக வேண்டும். கவுன்சிலுக்குள் நெறிமுறை மற்றும் பதிவு வாரியம் என்று தனியே ஒன்று உண்டு. பெயரைச் சேர்ப்பதும், புகார் வந்தால் விசாரிப்பதும் அந்தப் பக்கத்து வேலை. பத்தாம் வகுப்புச் சான்று, எல்லா ஆண்டு மதிப்பெண் பட்டியல்களும், பட்டச் சான்று, உறைவிடப் பயிற்சி (இன்டர்ன்ஷிப்) முடித்ததற்கான கடிதம், ஆதார், புகைப்படம் ஆகியவற்றை முன்கூட்டியே ஸ்கேன் செய்து வைத்துக்கொள்ளுங்கள். பயிற்சிக் கடிதத்தில் தொடங்கிய தேதி, முடித்த தேதி, மருத்துவமனையின் பெயர், மொத்த மணி நேரம் நான்கும் இருக்க வேண்டும். ‘பயிற்சியைத் திருப்திகரமாக முடித்தார்’ என்ற ஒற்றை வரிக் கடிதம் பயன்படாது. கல்லூரியை விட்டு வந்த பிறகு மலையிலிருந்து இறங்கிப் போய்த் திருத்தி வாங்குவது அலைச்சல். கையில் கொடுக்கும்போதே படித்துப் பாருங்கள்.

நம் ஊரில் விண்ணப்பம் நிற்பதற்கு முதல் காரணம் இனிஷியல். பத்தாம் வகுப்புச் சான்றில் பெயருக்கு முன்னால் ஓர் எழுத்து, ஆதாரில் அப்பா பெயர் முழுதாகப் பின்னால், பட்டத்தில் இனிஷியலே இல்லை என்று மூன்று காகிதம் மூன்று ஆளைக் காட்டும். கல்யாணத்துக்குப் பிறகு கணவர் பெயரின் முதலெழுத்துக்கு மாறிய பெண்களுக்கு இது இன்னும் சிக்கல். பத்தாம் வகுப்புச் சான்றை அடிப்படையாக வைத்து, முதலில் ஆதாரைத் திருத்துங்கள். ஆதார் திருத்தம்தான் இவற்றில் சுலபம். பெயரே மாறியிருந்தால் தமிழ்நாடு அரசிதழில் பெயர் மாற்ற அறிவிப்பு வெளியிட்டு அதன் பிரதியை இணைக்க வேண்டும்.

கூடலூர், பந்தலூர்ப் பிள்ளைகள் பலர் கோழிக்கோட்டிலோ மைசூரிலோ பெங்களூரிலோ படிக்கிறார்கள். படித்த மாநிலத்திலேயே பதிந்துவிட்டு ஊருக்கு வந்து கடை போட்டால் போதும் என்று விட்டுவிடாதீர்கள். சட்டம் மாநிலப் பதிவேடுகளை அடிப்படையாகக் கொண்டது. தமிழ்நாட்டில் தொழில் செய்வதாக இருந்தால், முதல் கண்ணாடிச் சீட்டு எழுதும் முன் தமிழ்நாட்டுக் கவுன்சிலுக்கு எழுதி, வேறு மாநிலப் பதிவு எண்ணைக் குறிப்பிட்டுப் பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

அஞ்சல் வழியில், ஆன்லைனில் ஆப்டோமெட்ரி என்று விளம்பரம் பார்த்தால் பணம் கட்டாதீர்கள். இந்தச் சட்டத்தின் கீழ் வரும் படிப்புகளைத் தொலைதூரக் கல்வியில் நடத்தப் பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி 2025இல் தடை போட்டுவிட்டது. கண்ணுக்குள் ஒளி பாய்ச்சிப் பவர் கணிக்கும் ரெட்டினோஸ்கோப்பைக் கையில் பிடிக்காமல் ரெட்டினோஸ்கோபி வராது என்பது அதற்கு முன்பே எல்லாருக்கும் தெரிந்ததுதான்.

பதிவேட்டில் பெயர் இல்லாமல் பதிவு பெற்றதாகக் காட்டிக்கொள்வதும், அந்தப் பட்டப் பெயரைப் போட்டுக்கொள்வதும் குற்றம். முதல் முறை அபராதம். மறுபடி பிடிபட்டால் சிறைக்கும் இடமிருக்கிறது.

எதைச் செய்யலாம், எதில் கை வைக்கக் கூடாது

பவர் பார்த்துக் கண்ணாடி எழுதலாம், காண்டாக்ட் லென்ஸ் பொருத்தலாம், குறைபார்வைக்காரருக்கு உருப்பெருக்கி தரலாம், கண் பயிற்சி சொல்லித் தரலாம். இவற்றில் வில்லங்கம் இல்லை. சொட்டு மருந்துக்கு வரும்போதுதான் கோடு தெரிய வேண்டும். கண் பாவையை விரிக்கும் ட்ராபிகாமைடு, ஆன்டிபயாடிக் சொட்டு, ஸ்டீராய்டு சொட்டு எல்லாம் பதிவு பெற்ற மருத்துவரின் சீட்டோடு மட்டுமே விற்க வேண்டிய மருந்துகள். உங்கள் சீட்டில் அவற்றை எழுதினால் அது மருத்துவம் பார்த்ததாகக் கணக்காகும். பதிவில்லாமல் மருத்துவம் பார்த்தால் தேசிய மருத்துவ ஆணையச் சட்டம் 2019இன்படி ஓராண்டு வரை சிறை, ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

தோட்டத்தில் கவாத்து வெட்டும்போது தெறித்த சிம்பு கண்ணில் பட்டுச் சிவந்த கண்ணோடு ஒருவர் வருவார். ‘ஒரு சொட்டு மருந்து போட்டு விடுங்க சார்’ என்பார். ஸ்டீராய்டு கலந்த சொட்டைப் போட்டால் அன்றைக்கு வலி குறையும். கருவிழியில் பூஞ்சைப் புண் இருந்தால் அடுத்த வாரம் அது பெருகியிருக்கும். செடி கொடி பட்ட காயத்தில் பூஞ்சைத் தொற்று வருவது நம் நாட்டில் சாதாரணம். அவரை அன்றைக்கே கண் மருத்துவரிடம் அனுப்புங்கள்.

வேறு யாரையெல்லாம் அனுப்ப வேண்டும்? பின்ஹோல் (சிறு துளை உள்ள மறைப்பு) வைத்தும் பார்வை கூடாதவர், திடீரென்று பார்வை போனவர், மின்னல் வெட்டுவது போலவும் கரும்புள்ளிகள் மிதப்பது போலவும் சொல்கிறவர், இரட்டையாகத் தெரிகிறவர், கண் அழுத்தம் 21 மி.மீ. பாதரசத்துக்கு மேல் இருப்பவர், பாவையில் வெள்ளை தெரியும் குழந்தை. கடைசியில் சொன்னதற்கு மறுநாள்கூடக் காத்திருக்கக் கூடாது; விழித்திரைப் புற்றாக இருக்கலாம். அனுப்பும் கடிதத்தை இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் அவரிடமோ உடன் வந்தவரிடமோ கையெழுத்து வாங்கி வையுங்கள். மேட்டுப்பாளையம் இறங்கிக் கோவை போக வேண்டும் என்றதும் பலர் ‘அடுத்த மாசம் பாத்துக்கலாம்’ என்று வீட்டுக்குப் போய்விடுவார்கள். நீங்கள் சொன்னீர்கள் என்பதற்கு அந்தக் கையெழுத்துதான் சாட்சி.

ஊட்டியில் டாக்ஸி, ஜீப் ஓட்டுகிறவர்கள் லைசென்ஸ் புதுப்பிக்க ‘கண் சர்டிஃபிகேட்’ கேட்டு வருவார்கள். ஆர்.டி.ஓ. அலுவலகம் கேட்பது படிவம் 1-ஏ என்ற மருத்துவச் சான்று. போக்குவரத்து வாகனம் ஓட்டுகிறவருக்கும், சொந்த வாகனம் ஓட்டும் 40 வயது கடந்தவருக்கும் அது தேவை. அதில் கையெழுத்துப் போட வேண்டியவர் பதிவு பெற்ற மருத்துவர். நீங்கள் பார்வை அளவையும் நிறப் பார்வையையும் சோதித்து லெட்டர்ஹெட்டில் எழுதித் தரலாம். படிவத்தில் கையெழுத்துப் போடக் கூடாது. பார்வைக் குறைபாட்டுக்கான மாற்றுத்திறனாளி சான்றும் அப்படியே. அதற்கு அரசு மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும்.

பெயர்ப் பலகையில் ‘கண் டாக்டர்’, ‘கண் மருத்துவமனை’ என்று போடாதீர்கள். ஊர் உங்களை டாக்டர் என்று கூப்பிடும், அதைத் தடுக்க முடியாது. பலகையில் எழுதினால் பொறுப்பு உங்கள் தலையில். ‘ஆப்டோமெட்ரிஸ்ட்’ என்று எழுதி, கீழே பட்டத்தையும் பதிவு எண்ணையும் போட்டால் போதும். பலகையில் தமிழ் பெரிதாக, முதலில் இருக்க வேண்டும். தமிழ், ஆங்கிலம், பிற மொழி 5:3:2 என்ற அளவு விதி. சங்கிலிக் கடைகளின் தலைமை அலுவலகம் அனுப்பும் ஆயத்தப் பலகைகள் இதில்தான் மாட்டுகின்றன.

சீட்டு

நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிற புகார் பெரும்பாலும் ஒரு துண்டுக் காகிதத்தைச் சுற்றித்தான் இருக்கும். பெயர், வயது, தேதி, கண்ணாடி இல்லாமலும் போட்டும் ஒவ்வொரு கண்ணின் பார்வை, ஸ்பியர் (அடிப்படைப் பவர்), சிலிண்டர் (ஒரு திசைக்கு மட்டும் தரும் பவர்), ஆக்சிஸ் (சிலிண்டர் நிற்கும் கோணம்), அடிஷன் (கிட்டத்தில் படிக்கக் கூட்டும் பவர்), பி.டி. (இரு கண் பாவைகளுக்கு இடையிலான தூரம்), கையெழுத்து, பதிவு எண் எல்லாம் சீட்டில் வேண்டும்.

ஆக்சிஸுக்கு டிகிரிச் சுழி போடாதீர்கள். 18க்கு மேல் போட்ட சுழியை லென்ஸ் தயாரிக்கும் லேபில் 180 என்று படித்துவிடுவார்கள். ஆக்சிஸ் 10 டிகிரி விலகினாலே சிலிண்டர் பவரில் மூன்றில் ஒரு பங்கு திருத்தம் வீண். 30 டிகிரி விலகினால் முழு சிலிண்டர் அளவுக்குப் பிழை மிச்சமிருக்கும். அதனால் 018 என்று மூன்று இலக்கமாக எழுதுங்கள். பவரை –1.00 என்று இரண்டு தசம இடத்தோடு எழுதுங்கள். பிளஸ், மைனஸ் குறியை விட்டுவிட்டு ‘லேபுக்குத் தெரியும்’ என்று நினைக்காதீர்கள்.

பி.டி.யை இரண்டு கண்ணுக்கும் சேர்த்து அளக்காமல் தனித்தனியாக அளப்பது நல்லது. 6 டயாப்டர் லென்ஸில் மையம் 4 மில்லிமீட்டர் தள்ளினால் 2.4 பிரிசம் (பார்வையை விலக்கும் அளவு) வந்துவிடும். தலைவலி என்று திரும்பி வருகிறவரிடம் பவரை மறுபடி சோதிக்கும் முன் லென்ஸை அளக்கும் லென்சோமீட்டரில் மையத்தைப் பாருங்கள். அதிகப் பவருக்கு லென்ஸுக்கும் கண்ணுக்கும் உள்ள தூரத்தையும் எழுத வேண்டும். 12 மில்லிமீட்டரில் பார்த்த –10.00, மூக்கில் சரிந்து 15 மில்லிமீட்டரில் நிற்கும் ஃபிரேமில் கால் டயாப்டருக்கு மேல் குறைவாக வேலை செய்யும்.

சீட்டு வந்தவருடையது. கண்ணாடியை உங்களிடமே வாங்க வேண்டும் என்று சீட்டைப் பிடித்து வைத்துக்கொள்வது கேவலமான பழக்கம். நுகர்வோர் சட்டத்தில் புகாருக்கு இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. ஆகவே உங்கள் பிரதி, பில், லேப் ஆர்டர் மூன்றையும் குறைந்தது மூன்று ஆண்டு வையுங்கள். குழந்தைகளின் பதிவுகளை அதற்கும் மேல் வைத்திருந்தால் மயோபியா (கிட்டப்பார்வை) ஏறுவதைக் கணக்கிட உதவும்.

இடத்துக்கான அனுமதி

கடை முன்பணம் கொடுக்கும் முன் கட்டட அனுமதியைக் கேளுங்கள். நீலகிரியில் கட்டட உயரம் 7 மீட்டர் என்ற கட்டுப்பாடு உண்டு. மலையிடப் பாதுகாப்பு விதிகளும் உண்டு. வீட்டுக்கு அனுமதி வாங்கிக் கீழ்த்தளத்தில் கடை போட்ட கட்டடங்கள் எல்லா ஊரிலும் இருக்கின்றன. கட்டடத்துக்குச் சீல் வைத்தால் உள்ளே இருக்கும், கண்ணைப் பெரிதாக்கிப் பார்க்கும் உங்கள் ஸ்லிட் லேம்பும் சேர்ந்துதான் மாட்டும். வணிகப் பயன்பாடு என்று போட்ட அனுமதி நகல், சொத்து வரி ரசீது, மின் இணைப்பு வணிகக் கட்டணத்தில் இருக்கிறதா என்பது, இந்த மூன்றையும் பார்த்துவிட்டுப் பேசுங்கள். நகராட்சி மார்க்கெட் கடை என்றால் ஏலம் எடுத்தவர் பெயரும் வாடகைக்கு விடுகிறவர் பெயரும் ஒன்றா என்று கேளுங்கள். உள்வாடகைக் கடையில் உங்கள் பெயரில் லைசென்ஸ் வாங்குவது கடினம்.

பிறகு உள்ளாட்சியில் தொழில் உரிமம். இதையும் தொழில் வரியையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். தொழில் வரி அரையாண்டுக்கு ஒரு முறை வருமானத்துக்குக் கட்டுவது. ஓர் ஆளுக்கு ஆண்டுக்கு 2,500 ரூபாய்க்கு மேல் போகாது. அந்த ரசீதைக் காட்டி ‘லைசென்ஸ் இருக்கு’ என்று சொன்னால் ஆய்வாளர் ஏற்க மாட்டார். வெலிங்டன் பக்கம் கடை என்றால் கன்டோன்மென்ட் எல்லைக்குள் வருகிறதா என்று பாருங்கள். அங்கே அலுவலகமே வேறு.

வாரம் ஒரு நாள் கண் மருத்துவர் வந்து நோயாளி பார்ப்பதாக ஏற்பாடு செய்தால், அந்த அறை கிளினிக் ஆகிவிடும். தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் 1997, அதன் 2018 விதிகளின்படி பதிவு வேண்டும். ஆன்லைனில் விண்ணப்பித்தால் மாவட்ட மருத்துவ நலப்பணிகள் இணை இயக்குநர் தரப்பிலிருந்து ஆய்வுக்கு வருவார்கள். சொட்டு மருந்து, பஞ்சு, ஊசி என்று கழிவு உண்டானால் மருத்துவக் கழிவு விதிகள் 2016இன்படி மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அனுமதியும் தேவை. படுக்கை இல்லாத இடத்துக்கு அதை ஒரு முறை வாங்கினால் போதும்.

பரிசோதனை அறைக்கு 6 மீட்டர் நீளம் வேண்டும். ஊட்டிக் கடைகளில் அது கிடைப்பது அபூர்வம். கண்ணாடி வைத்து 3 மீட்டரில் முடிக்கலாம், ஆனால் அதற்குத் திருப்பி எழுதிய எழுத்துப் பலகைதான் வாங்க வேண்டும். தமிழ் எழுத்துப் பலகையும், படிக்கத் தெரியாதவர்களுக்கு ‘ஈ’ பலகையும் (ஆங்கில E பல பக்கம் திரும்பியிருப்பது) சேர்த்து வாங்குங்கள். தேயிலை பறிக்கும் பெண்களுக்கு வெள்ளெழுத்து சோதிக்க ‘ஈ’ இல்லாமல் முடியாது. ஜூன் முதல் மாதக் கணக்கில் அடிக்கும் சாரலிலும் மூட்டத்திலும் பவர் போட்டுப் பார்க்கும் ட்ரையல் செட் லென்ஸில் பூஞ்சை படியும். பெட்டியில் சிலிக்கா ஜெல் போட்டு, வாரம் ஒரு முறை வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள். பூஞ்சை படிந்த லென்ஸில் 6/6 என்ற முழுப் பார்வை வராது. வந்தவருக்குக் கண்புரையோ என்ற சந்தேகம் வந்துவிடும்.

சரக்குக்கான பதிவு

காண்டாக்ட் லென்ஸ் மருத்துவச் சாதனம். பவர் இல்லாத கலர் லென்ஸும் அதே கணக்குதான். 2022இல் மருத்துவச் சாதன விதிகளில் சேர்த்த திருத்தத்தின்படி விற்பதற்கும் இருப்பு வைப்பதற்கும் எம்டி-42 பதிவுச் சான்று வேண்டும். எம்டி-41 படிவத்தில் மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்கு விண்ணப்பம், கட்டணம் 3,000 ரூபாய். விற்பனையைக் கவனிக்கத் தகுதியான ஊழியர் ஒருவர் இருக்க வேண்டும்: பட்டதாரி, பதிவு பெற்ற பார்மசிஸ்ட், அல்லது பன்னிரண்டாம் வகுப்போடு ஓராண்டு சாதன விற்பனை அனுபவம் உள்ளவர். பி.ஆப்டம் பட்டம் இருந்தால் நீங்களே அந்த ஊழியர். இடத்தின் வரைபடமும் வாடகை ஒப்பந்தமும் கேட்பார்கள். சான்று முகவரிக்கு உரியது, ஆகவே குன்னூர்ச் சான்றை வைத்துக் கோத்தகிரிக் கிளையில் விற்க முடியாது. ஐந்தாண்டுக்கு ஒரு முறை தக்கவைப்புக் கட்டணம் கட்ட வேண்டும்.

வாங்குகிற பில்லில் பேட்ச் எண், காலாவதித் தேதி இருக்கிறதா என்று பாருங்கள். சீசனில் கோவையிலிருந்து பையில் கொண்டு வந்து பில் இல்லாமல் கலர் லென்ஸ் தருகிறவர்களிடம் வாங்காதீர்கள். யாருக்காவது கண்ணில் புண் வந்தால் சரக்கு எங்கிருந்து வந்தது என்று காட்ட உங்களிடம் ஒன்றும் இருக்காது.

ஜிஎஸ்டியில் பார்வைத் திருத்தக் கண்ணாடி, ஃபிரேம், லென்ஸ், காண்டாக்ட் லென்ஸ் எல்லாம் 2025 செப்டம்பர் 22 முதல் 12 சதவீதத்திலிருந்து 5 ஆக இறங்கின. கூலிங் கிளாஸ் 18இல்தான் இருக்கிறது. பில்லிங் மென்பொருளில் பழைய விகிதம் மாறாமல் கிடந்தால் வாடிக்கையாளரிடம் கூடுதலாக வாங்கிய குற்றம் வரும். ஒரே ஃபிரேமைப் பவர் லென்ஸோடு விற்பதும் கறுப்பு லென்ஸோடு விற்பதும் வேறு வரி என்பதை விற்பனைப் பையன்களுக்கு எழுதி ஒட்டி வையுங்கள். கண்ணாடியைப் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொடுத்தால் நீலகிரியில் அபராதம் தயாராக இருக்கும். துணிப்பை அடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

முகாம் போடுவதென்றால்

பள்ளிப் பிள்ளைகளுக்கு அரசின் கண்ணொளி காப்போம் திட்டம் 2009 முதல் இருக்கிறது. அதே பள்ளியில் அதே மாதம் நீங்களும் போய்ச் சோதித்தால் பிள்ளைக்கு இரண்டு சீட்டு, இரண்டு பவர் என்று குழப்பம்தான் மிஞ்சும். முதலில் மாவட்டப் பார்வையிழப்புத் தடுப்புச் சங்கத்துக்கு எழுதி, எந்தப் பள்ளி, எந்தத் தேதி என்று பேசிக்கொள்ளுங்கள். முகாமில் கண்புரை கண்டுபிடித்தால் யாரிடம் அனுப்புவீர்கள் என்று அந்தக் கடிதத்திலேயே ஒரு மருத்துவமனையின் பெயரைக் குறிப்பிட வேண்டும்.

முதுமலைக்குள் இருக்கும் பழங்குடிக் குடியிருப்புகளுக்குப் போக வனத்துறை அனுமதி தனியே வேண்டும். மாலைக்குள் வெளியே வந்துவிட வேண்டும் என்பதால் காலை எட்டுக்குத் தொடங்கினால்தான் ஐம்பது பேரைச் சரியாகப் பார்க்க முடியும். கோவையிலிருந்து வரும் குழுவின் வண்டிக்கு 2024 மே 7 முதல் இ-பாஸ் கட்டாயம். நீலகிரிப் பதிவான டிஎன் 43 வண்டிகளுக்கு அந்தத் தொல்லை இல்லை. கருவிகளை உள்ளூர் வண்டியில் ஏற்றினால் கல்லாறு சோதனைச் சாவடியில் நின்று கொண்டிருக்க வேண்டியதில்லை.

முகாமில் இலவசமாகக் கொடுத்தாலும் சீட்டு சீட்டுதான். பதிவு எண்ணும் கையெழுத்தும் இல்லாமல் ஒன்றும் வெளியே போகக் கூடாது. படிக்கும் மாணவர்களைக் கூட்டிப்போனால் அவர்கள் பார்த்த பவரை நீங்கள் ட்ரையல் ஃபிரேமில் ஒரு முறை சரிபார்த்த பிறகே கையெழுத்துப் போடுங்கள். வெற்றுச் சீட்டுக் கட்டில் காலையிலேயே கையெழுத்துப் போட்டு வைத்துவிட்டு டீ குடிக்கப் போகிற வழக்கம் சில இடங்களில் உண்டு. அப்படிப் போன கட்டில் ஒரு சீட்டு கடையில் போய் நின்றால், அதில் எழுதியிருக்கும் பவர் உங்களுடையதுதான்.